மேடையை நம்பி வாழ வருகிறவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கான வழிகாட்டி

பாட வரும், ஆட வரும், மேடையில் நின்றால் சனம் கை தட்டும். இதையே தொழிலாக எடுக்கலாமா என்று கேட்கிற பிள்ளைகள் நம் இரண்டு மாவட்டங்களிலும் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் ஒரே வேலையைச் செய்து மாதச் சம்பளம் வாங்குகிற கலைத்தொழில் இங்கே மிகக் குறைவு. மட்டக்களப்பில் கலையால் வாழ்கிறவர்கள் அநேகமாக இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துத்தான் வாழ்கிறார்கள். காலையில் பாடசாலையில் நடனம் சொல்லிக் கொடுப்பவர் பின்னேரம் மணப்பெண் அலங்காரத்துக்குப் போவார், இரவில் நாடக ஒத்திகைக்கு வருவார். இதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் நின்று பிடிக்கிறார்கள். தெரியாமல் வருகிறவர்கள் கொஞ்ச நாளில் மனம் வெறுத்து, கலையையும் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிப் போனவர்களில் நல்ல திறமைசாலிகள் பலர். அந்த இழப்பு குறைய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: காசு யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள்

சீட்டு வாங்கி நாடகம் பார்க்கிற வழக்கம் நம் பக்கத்தில் பெரிதாக வளரவில்லை. இங்கே நிகழ்ச்சிக்குக் காசு கொடுப்பவர்கள் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர்மார், திருவிழா உபயகாரர், கலியாண வீட்டுக்காரர், சாமத்திய வீட்டுக்காரர், பாடசாலைகள், விளையாட்டுக் கழகங்கள், அரச திணைக்களங்கள், தொண்டு நிறுவனங்கள். வெளிநாட்டிலிருக்கும் ஊர்ச் சங்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதாவது, பார்வையாளர் தருவதில்லை, ஏற்பாடு செய்கிறவர் தருகிறார். சனத்துக்கு உங்களைப் பிடித்திருப்பது மட்டும் போதாது. ஏற்பாட்டாளர் உங்களை நம்பிக் கூப்பிட வேண்டும். நேரத்துக்கு வருகிறவர், சொன்னதைச் செய்கிறவர் என்ற பெயர் இங்கே குரல்வளத்துக்குச் சமமான மூலதனம்.

அந்தக் காசு யாருக்கு ஒழுங்காகப் போகிறது என்பதையும் கவனியுங்கள். நான் பார்த்தவரையில் முதலில் பணம் எண்ணிக் கொடுக்கப்படுவது மேடை, பந்தல், சவுண்ட், லைட் வாடகைக்கு விடுபவர்களுக்கு. அடுத்து கலியாண வீடியோக்காரர், படம் எடுப்பவர், ஒப்பனைக்காரர். பிறகு இசைக்குழுவில் கீபோர்டும் ஒக்டபாடும் வாசிப்பவர்கள், பாடகர்கள், அறிவிப்பாளர். நாடக நடிகர் கடைசி. கூத்தரோ பெரும்பாலும் தன் கைக்காசைப் போட்டுத்தான் ஆடுகிறார்.

ஆகவே உங்கள் ஆசை எதுவாக இருந்தாலும், அதன் பக்கத்திலேயே இருக்கிற ஒரு தொழிலைக் கையில் எடுங்கள். நடிகராக ஆசையென்றால் ஒப்பனையோ ஒலியமைப்போ வீடியோ எடிட்டிங்கோ ஒன்றைப் பழகுங்கள். பாடகராக ஆசையென்றால் ஒரு வாத்தியமும் அறிவிப்பும் பழகுங்கள். கோயில் தேரோட்டத்துக்கு நேர்முக வர்ணனை செய்யத் தெரிந்த ஒருவருக்கு நம் ஊர்த் திருவிழாக் காலத்தில் ஓய்வே இருக்காது. பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். அவர் சினிமாவுக்குள் நுழைந்தது புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு. முதலில் மலையாளப் படங்களுக்கு ஒளிப்பதிவாளராக வேலை செய்தார், பிறகுதான் இயக்கினார். கையில் ஒரு தொழில் இருந்ததால்தான் அந்நிய ஊரில் கதவு திறந்தது. ஊரிலிருந்து வெளியே போக நினைக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது படி: ஒரு கூத்தாவது முழுசாகப் பழகுங்கள்

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். குறும்படம் எடுக்க வந்தவனுக்குக் கூத்து எதற்கு, வானொலிக்குப் போக வந்தவளுக்கு மத்தளம் எதற்கு என்று கேட்பார்கள். நான் இதில் பிடிவாதமாகவே இருக்கிறேன். கட்டணம் இல்லாமல், வீட்டுக்குப் பக்கத்திலேயே, நடிப்பும் பாட்டும் ஆட்டமும் ஒன்றாகச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் வேறு எந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறது? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் இன்றும் கூத்துப் பழகுகிறார்கள். சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கர் போன்றோர் ஊராரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்க வேலைகளையும் போய்ப் பாருங்கள்.

பழகும் முறை இப்படி இருக்கும். ஊரார் கூடி எந்தக் கூத்து என்று முடிவு செய்வார்கள். கூத்துப் பழக்குகிற ஆசானான அண்ணாவியார் வருவார். ஆளின் உயரம், குரல், உடல்வாகு பார்த்துப் பாத்திரங்களைப் பகிர்வார். இதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். உங்கள் பாத்திரத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் கொப்பியில் எழுதி எடுத்துப் பாடமாக்க வேண்டும். இரவில்தான் பழக்கம். பகலில் எல்லாரும் வயலுக்கும் தோணிக்கும் போய்விடுவார்கள். பல வாரங்கள் தாளக்கட்டும் ஆட்டமும் பழகிய பிறகு, முதன்முதலாகக் காலில் சதங்கை கட்டி ஆடுகிற சதங்கை அணி நடக்கும். அதற்குப் பிறகு முழுக்கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். கடைசியில் களரி என்கிற திறந்தவெளிக் கூத்து மேடையில் அரங்கேற்றம்.

கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி உண்டு. எதைப் பழகுவது என்று குழம்ப வேண்டாம். ஊரில் எது நடக்கிறதோ அதில் சேருங்கள். வடமோடியில் பாரத, இராமாயணப் போர்க் கதைகள் அதிகம், ஆட்டத்தில் வேகமும் வீரமும் இருக்கும், அரசருக்குக் கனமான உடுப்பும் முடியும் வரும். தென்மோடியில் பாட்டின் இழுவையும் நுணுக்கமும் கூட. மூச்சு குறைவாக உள்ளவர்களுக்கு வடமோடி நல்ல மருந்து என்று ஒரு அண்ணாவியார் எங்களுக்குச் சொல்வார். "மனே, மத்தளம் நின்றாலும் உன்ர கால் நிற்கப்படாது" என்பது அவருடைய அடுத்த பேச்சு.

களரி வட்டமாக இருக்கும், நாலு பக்கமும் சனம் இருக்கும். உங்களுக்கு முதுகுப் பக்கம் என்று ஒன்று கிடையாது. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்கும்படி பாடிய மரபு அது. அந்தப் பயிற்சி எடுத்தவர் எந்தக் கமரா முன்னாலும் தடுமாறுவதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்கு ஏற்றியபோது, அதில் மாணவராக இருந்து ஆடியவர் நம் ஊர் சி. மௌனகுரு. சிறுவயதில் ஊரில் பார்த்த கூத்தே அவருக்கு அடித்தளம். பின்னாளில் அவர் பேராசிரியராகி, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையை வழிநடத்தினார். வீட்டு அடுப்பு எரிந்தது ஆசிரியப் பணியால். ஆனால் ஊர் அவரைத் தெரிந்து வைத்திருப்பது கூத்தால்.

கூத்தின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. முழங்கால் நோகும், குரல் கட்டும், இரவு முழித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். கூலி கிடையாது. அண்ணாவியாருக்கே ஊரார் விரும்பிக் கொடுக்கும் வேட்டி, சால்வை, சிறு தொகை அவ்வளவுதான். அவர்களில் பலர் வறுமையில் செத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்கள் பழகப் போகிற அண்ணாவியாருக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்.

மூன்றாவது படி: கடதாசியும் வேண்டும்

கலைக்குச் சான்றிதழ் எதற்கு என்று கேட்பவர்களை நம்பாதீர்கள். இங்கே நிரந்தரமான வருமானம் என்றால் அது அநேகமாக ஆசிரியர் நியமனம், அதற்குக் கடதாசி இல்லாமல் முடியாது. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். சங்கீதம், நடனமும் உண்டு. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளைச் சிறுவயதிலிருந்தே தரம் தரமாக எழுதி வந்தால் தனிப்பட்ட வகுப்பு நடத்தும்போது பெற்றோர் நம்பி அனுப்புவார்கள்.

பட்டம் படிக்க விரும்பினால் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவனம் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவது. காரைதீவில் 1892இல் பிறந்து, பழந்தமிழ் இசையை ஆராய்ந்து யாழ் நூல் எழுதிய விபுலானந்தரின் பெயர் அது. கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், நாடகமும் அரங்கியலும், காட்சிக்கலை ஆகியவற்றில் அங்கே பட்டம் எடுக்கலாம். அங்கே படிப்பதால் கிடைக்கும் பெரிய பலன், வகுப்பறையை விட, கூடப் படிக்கிறவர்கள்தான். நாலு வருடம் ஒன்றாக ஒத்திகை பார்த்தவர்கள் பிறகு ஒரு குழுவாகவே நிற்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பட்டம் முடித்த அன்றே நியமனம் வராது. 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நாள்கணக்காக உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. ஆகவே படிக்கும்போதே சிறு வகுப்பொன்றைத் தொடங்கிவிடுங்கள்.

நான்காவது படி: காசைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

நம் ஊரில் கலைஞரைக் கௌரவிக்கத் தெரியும். மாலை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், ஞாபகச் சின்னம் கொடுப்பார்கள், மேடையில் புகழ்ந்து பேசுவார்கள். எல்லாம் மனதார. அப்புறம் வேனுக்கு எரிபொருள் அடிக்கக் காசு இல்லாமல் கலைஞர் வீட்டுக்குத் திரும்புவார். அதே நிகழ்ச்சிக்குப் பந்தல்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் முழுப்பணமும் போயிருக்கும். ஏனென்றால் அவர்கள் முன்கூட்டியே விலை பேசினார்கள், நாம் பேசவில்லை. "தெரிந்தவர்தானே, பார்த்துத் தருவார்" என்ற நினைப்பு நம் தொழிலை அரித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் குழுவையே ஒரு ஏற்பாட்டாளர் நிகழ்ச்சி முடிந்த பிறகு நீண்ட நாள் அலைய வைத்து, பேசியதில் பாதியைத்தான் தந்தார்.

செய்ய வேண்டியது சுலபம். அழைப்பு வந்ததும் சந்தோசத்தைச் சொல்லுங்கள், உடனேயே விபரம் கேளுங்கள். எத்தனை மணிக்குத் தொடக்கம், எவ்வளவு நேரம், எத்தனை பேர், சவுண்ட் யாருடையது, போக்குவரத்து யார் பொறுப்பு, சாப்பாடு உண்டா. பிறகு தொகையைச் சொல்லுங்கள். பேசி முடித்ததை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். உதாரணமாக இப்படி:

"வணக்கம் ஐயா. பேசியபடி சனிக்கிழமை இரவு 7 மணிக்கு எங்கள் குழு ஆறு பேருடன் வருகிறோம். நிகழ்ச்சி ஒன்றரை மணித்தியாலம். மைக்கும் லைட்டும் உங்கள் பொறுப்பு. பாதித் தொகை முற்பணமாகக் கிடைத்ததும் திகதியை உறுதி செய்கிறோம். மீதியை மேடை ஏறுவதற்கு முன் தரவும். மழையால் பிற்போட்டால் முற்பணம் புதிய திகதிக்குச் செல்லும்."

இதற்குச் சரி என்று ஒரு பதில் வந்தால் போதும். பெரிய ஒப்பந்தம் தேவையில்லை, எழுத்தில் இருக்க வேண்டும் அவ்வளவுதான். இதை அனுப்பினால் கோபிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். ஒழுங்கான ஏற்பாட்டாளருக்கு இது உதவி. கோபிக்கிறவர் காசு தரப் போகிறவரும் இல்லை.

இலவசமாகச் செய்யவே கூடாதா? செய்யலாம், செய்ய வேண்டும். உங்கள் ஊர்க் கோயில், நீங்கள் படித்த பாடசாலை, ஒரு அனர்த்தத்தில் அடிபட்ட சனம். அது நீங்களாகக் கொடுப்பது. மற்றவர் உங்களிடமிருந்து எடுப்பதும் நீங்கள் கொடுப்பதும் வெவ்வேறு. குழுவாக வேலை செய்தால், வந்த தொகையை அன்றிரவே எல்லார் முன்னாலும் எண்ணிப் பிரியுங்கள். நல்ல இசைக்குழுக்கள் உடைவதற்குக் காரணம் பாட்டு அல்ல, கணக்கு.

ஐந்தாவது படி: அனுமதிகள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 2007இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. விடிய விடிய ஆடுகிற கூத்தைக்கூட இன்று நேரம் பார்த்துத்தான் திட்டமிட வேண்டியிருக்கிறது. பொது மேடையில் நாடகம் போடுவதானால் பிரதியைக் கொழும்பிலுள்ள தணிக்கைச் சபைக்கு அனுப்பி அனுமதி எடுங்கள். சீட்டு விற்றால் மாநகர சபை அல்லது பிரதேச சபைக்குக் கேளிக்கை வரி உண்டு. இவையெல்லாம் ஏற்பாட்டாளர் வேலை என்று விட்டுவிடாதீர்கள். நிகழ்ச்சி பாதியில் நிறுத்தப்பட்டால் மேடையில் நிற்பது நீங்கள்.

யூடியூப்பில் போடுகிறவர்களுக்கு ஒரு விடயம். நீளமான வீடியோக்கள் போட்டு விளம்பர வருமானம் தொடங்க 1000 சந்தாதாரரும், ஒரு வருடத்தில் 4000 மணித்தியாலப் பார்வை நேரமும் வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் அந்த வருமானம் பாட்டின் உரிமைக்காரருக்குப் போய்விடும். மத்தளமும் சல்லரியும் உடுக்கும் வாசிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டில் இருக்கும்போது கடன் வாங்கிய இசை எதற்கு? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகை செய்பவருக்கும் உரிமை தருகிறது. உங்கள் நேரடி நிகழ்ச்சியை உங்கள் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து ஒளிபரப்ப முடியாது. இதை ஏற்பாட்டாளருக்கு மரியாதையாக முன்பே சொல்லி வையுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும்

மரபுக் கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். அந்த நிலை மாறிவிட்டது. பல்கலைக்கழக மேடைகளிலும் ஊர்க் களரிகளிலும் பெண்கள் ஆடுகிறார்கள், மத்தளம் அடிக்கிறார்கள், நெறிப்படுத்துகிறார்கள். ஆனால் ஊர் வாய் இன்னும் முழுசாக மாறவில்லை. இரவு ஒத்திகை முடிந்து யாரோடு வந்தாள் என்று கேட்கிற வாய்கள் இருக்கின்றன. கலியாணம் பேசும்போது மேடை ஏறியதை மறைக்கச் சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. கலியாணத்துக்குப் பிறகு சலங்கையை அலுமாரிக்குள் பூட்டிவைத்த எத்தனையோ தங்கைமாரை எனக்குத் தெரியும். அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பூட்டு எவ்வளவு பாரம் என்று தெரியும்.

இதற்குப் பெண்பிள்ளைகள் மட்டும் வழி தேட முடியாது. குழு நடத்துகிற அண்ணன்மார் சில ஒழுங்குகளைக் கட்டாயம் வைக்க வேண்டும். ஒத்திகையைப் பின்னேரத்தில் வையுங்கள். இருட்டினால் வீடு வரை கொண்டுபோய் விடுங்கள். வெளியூர் நிகழ்ச்சிக்குப் பெண்கள் இரண்டு பேருக்குக் குறையாமல் போகட்டும். உடை மாற்றப் பூட்டுள்ள அறை இல்லாத இடத்துக்கு நிகழ்ச்சி ஒப்புக்கொள்ள வேண்டாம். முதல் ஒத்திகைக்கு அம்மாவையோ மாமியையோ கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நேரில் பார்த்த தாய் பிறகு ஊர் வாய்க்கு அவளே பதில் சொல்வாள்.

"படத்தில் வாய்ப்புத் தருகிறேன், முதலில் இவ்வளவு கட்டு" என்று கேட்பவர், தனியாக வந்து சந்திக்கச் சொல்பவர், படங்களை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவர், இந்த மூன்று பேருக்கும் பதில் அனுப்ப வேண்டாம். உண்மையான தயாரிப்பாளர் நடிகருக்குக் காசு கொடுப்பார், வாங்க மாட்டார். இது ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

கொழும்புக்கோ சென்னைக்கோ போக நினைத்தால்

தமிழ் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களில் பெரும்பாலானவை கொழும்பில் இருக்கின்றன. இரவுக் கோச்சியில் (ரயிலில்) ஏறினால் விடியப் போய் இறங்கலாம். குரல் தேர்வுக்குப் போவது ஒரு விடயம், அங்கேயே வாழ்வது இன்னொரு விடயம். தொடக்கச் சம்பளத்தில் பாதி அறை வாடகைக்குப் போகும். உச்சரிப்புப் பிரச்சினையும் வரும். நம் மட்டக்களப்புத் தமிழில் பேசினால் சிரிப்பார்கள் என்று பயந்து, வேறு யாருடையதோ தமிழைப் பேசப் பழகுகிறார்கள். செய்தி வாசிக்கப் பொதுத்தமிழ் வேண்டும், அதைப் படியுங்கள். ஆனால் நம் பேச்சை விட்டுவிட வேண்டாம். நாடகத்துக்கும் குறும்படத்துக்கும் அதுதான் உயிர், அதைச் சரியாகப் பேசத் தெரிந்தவரை வெளியூரார் தேடி வருகிறார்கள்.

சென்னைக்குச் சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது சட்டப்படி முடியாது. படிக்கப் போவதானால் கல்லூரி அனுமதியோடு மாணவர் விசாவில் போங்கள். வெளிநாட்டு ஊர்ச் சங்கங்கள் கூப்பிட்டால் போக்குவரத்துச் சீட்டு கைக்கு வந்த பிறகே இருக்கிற வேலையில் லீவு போடுங்கள்.

மழை மாதங்களுக்கு ஆயத்தமாகுங்கள்

வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்கிலிருந்து ஆடி அமாவாசை மாமாங்கத் திருவிழா, அதற்குப் பிந்திய திருவிழாக்கள் வரை மூச்சு விட நேரம் இருக்காது. ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரை திறந்தவெளி நிகழ்ச்சி அருமை. அந்த மாதங்களுக்கான அரிசிக் காசை ஆடியிலேயே ஒதுக்க வேண்டும். வழக்கமான மழையை விடப் பெரிய இடிகளும் வரும். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்த வருடம் கொரோனா, 2022இல் பொருளாதார நெருக்கடி. வரிசையாக வந்தபோது, முதலில் நின்ற தொழில் நம்முடையது, கடைசியாகத் திரும்பத் தொடங்கியதும் நம்முடையதுதான். வீட்டில் வகுப்பு நடத்தியவர்களும் தையல், எடிட்டிங் தெரிந்தவர்களும் ஓரளவு சமாளித்தார்கள். கடன் வாங்கிப் புது ஸ்பீக்கர் எடுத்தவர்கள் மிகவும் நொந்துபோனார்கள். முதல் சில வருடங்களுக்குக் கருவிகளை வாடகைக்கே எடுங்கள்.

சம்பளக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதியில் அவர் பங்கு 8 வீதமும் முதலாளி பங்கு 12 வீதமும் சேரும். நமக்கு முதலாளி இல்லை, ஆகவே நாமே போட வேண்டும். சுயதொழில் செய்பவர்களுக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அரசு தருகிற கலாபூஷண விருது 60 வயது கடந்த கலைஞருக்குத்தான். அதுவரைக்கும் உடம்பு தாங்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகு குடிக்கக் கூப்பிடுகிற கூட்டம் எல்லாக் குழுவிலும் இருக்கும். நல்ல குரல்கள் பல அங்கேதான் அழிந்தன. தயவுசெய்து விலகி நில்லுங்கள்.

இவ்வளவு கஷ்டம் சொன்ன பிறகும் ஏன் வரச் சொல்கிறேன்? மத்தளம் ஏறி அடிக்கும்போது நாலு பக்கச் சனமும் ஒரே மூச்சில் அமைதியாவதை மேடையில் நின்று உணர்ந்தவருக்கு வேறு எந்தத் தொழிலிலும் அது கிடைக்காது. போரில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார் ஒரு பாட்டின்போது வாய்விட்டு அழுது, முடிந்ததும் வந்து நம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரு கோபத்தில் விலகியிருந்த காலத்திலும், கம்பு தட்டி ஆடுகிற முஸ்லிம்களின் பொல்லடிக் குழுவும் கூத்துக் குழுவும் ஒரே மேடையில் நின்றால் இரண்டு ஊரும் வந்து பார்த்தன. இந்த மண்ணில் இதற்குத் தேவை இருக்கிறது. தேவையான வேலையைச் செய்கிறவருக்குச் சாப்பாடும் இருக்க வேண்டும், அதற்குத்தான் மேலே சொன்ன கணக்கெல்லாம்.

தொடங்குவதற்கு இந்த வாரம் செய்யக்கூடியது: உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய்க் கலாசார உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பெயரையும் என்ன தெரியும் என்பதையும் பதிந்துவிட்டு, பிரதேச இலக்கிய விழா எப்போது, உங்கள் பகுதியில் எந்தக் குழுக்கள் இயங்குகின்றன, எந்த ஊரில் கூத்துப் பழகுகிறார்கள் என்று கேளுங்கள். போகும்போது ஒரு கோப்பை எடுத்துப் போங்கள். சான்றிதழ் பிரதிகள், நிகழ்ச்சி அழைப்பிதழ்கள், நாலைந்து நல்ல படங்கள், ஒரு பக்கத்தில் உங்கள் விபரம் அதில் இருக்கட்டும். உத்தியோகத்தர் வெளியே போயிருந்தால் எப்போது இருப்பார் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அந்த நாளில் மறுபடியும் போங்கள்.